தெருக்குழாய் முதல் புழல் வரை: கேட்கத் தெரிந்தும் நாம் கோட்டைவிடும் இடங்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் திட்டில் ஏழு பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பழைய சர்பத் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அன்றன்று காலை குழாயில் பிடித்த தண்ணீர். முதல் பாட்டிலில் லேசான மஞ்சள். நான்காவதின் அடியில் கறுப்பாக வண்டல். ஆறாவதைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கழுத்தில் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் தேதியும் மணியும் எழுதியிருந்தது.

அந்த வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பல மாதங்களாகக் குடிநீரில் சாக்கடை கலந்து வந்தது. குடங்களை நடுச்சாலையில் அடுக்கி நாங்கள் இரண்டு முறை மறியல் செய்தோம். வந்தவர்கள் "இன்றைக்கு ஒருநாள் அப்படி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவின் ஜன்னல் திட்டைப் பார்த்த பொறியாளருக்கு அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரமே தெருமுனையைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் உடைந்து ஒட்டிக்கிடந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது.

வடசென்னைக்காரர்களுக்குக் கேள்வி கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனால் அரைமணியில் தெருவே வாசலில் நிற்கும். ஆனால் மறுநாள் எவர் கையிலும் ஒரு தாள் இருக்காது. சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமைகள் ஏறக்குறைய எல்லாமே கெடு வைத்தவை: 24 மணி நேரம், 30 நாள், 90 நாள், ஓராண்டு. அந்தக் கெடுவைத் தவறவிடுவதால் நாம் தோற்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வேறொருவர் வாசலில் நின்று கதவைத் தட்டுவது

சென்னை மாநகராட்சியின் மண்டலங்களில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகியவை நம் பக்கம். குப்பை, தெருவிளக்கு, கொசு, மழைநீர் வடிகால் எல்லாம் மாநகராட்சி, எண் 1913. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம், எண் 1916. தெருவில் தண்ணீர் தேங்கினால் அது வடிகாலிலிருந்து வழிகிறதா, பாதாளச் சாக்கடை மூடியிலிருந்து பொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மாற்றிச் சொன்னால் "எங்கள் துறை இல்லை" என்ற ஒரு வரியில் உங்கள் புகார் முடிந்துவிடும்.

காவல்துறையில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழம். 2022இல் ஆவடி காவல் ஆணையரகம் உருவானது. எண்ணூர், மணலிக்காரர்கள் சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, ஆனால் காவல் நிலையம் ஆவடி ஆணையரின் கீழ். அவசரத்தில் வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிய மனு கைமாறி வந்து சேர்வதற்குள் பொன்னான நாட்கள் போய்விடும்.

எங்கே கொடுத்தாலும் எண் இல்லாமல் திரும்பாதீர்கள். தொலைபேசிப் புகாருக்குப் பதிவு எண், காவல் நிலைய மனுவுக்குச் சி.எஸ்.ஆர். எனப்படும், மனுவைப் பெற்றதற்கான ரசீது, நேரில் கொடுக்கும் கடிதத்துக்கு உங்கள் நகலில் முத்திரை. "நான் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்ற வாக்கியத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

"ஏன்?" என்று தகவல் உரிமை மனு போடுவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஐப் போலக் கைக்கு அடக்கமான ஆயுதம் வேறு இல்லை. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஆனாலும் எங்கள் பகுதியில் போடப்படும் மனுக்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன: "எங்கள் தெருக் கால்வாயை ஏன் தூர்வாரவில்லை? இதற்கு யார் பொறுப்பு? எப்போது சரிசெய்வீர்கள்?"

கேட்டவரின் கோபம் நியாயமானது. ஆனால் இந்தச் சட்டம் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருப்பதை மட்டுமே. காரணத்தையும் வாக்குறுதியையும் கேட்டால், "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று எழுதியனுப்ப அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அதே விஷயத்தை இப்படிக் கேளுங்கள்: இந்தத் தெருவின் வடிகாலைத் தூர்வார இந்த நிதியாண்டில் கொடுக்கப்பட்ட பணி ஆணையின் நகல், ஒப்பந்ததாரருக்கு வழங்கிய தொகையின் பட்டியல் நகல், அந்தப் பணிக்கான அளவுப் புத்தகத்தின் நகல்.

இந்த அளவுப் புத்தகத்தை ஒப்பந்ததாரர்கள் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எத்தனை கன மீட்டர் மண் எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பணம் கொடுப்பதே அதை வைத்துத்தான். 'சேறு முழுவதும் அகற்றப்பட்டது' என்று அதில் எழுதியிருக்க, உங்கள் வீட்டு வாசலில் வடிகால் மூடியைத் தூக்கினால் விளிம்புவரை சேறு நின்றால், அதற்குமேல் நீங்கள் குரலை உயர்த்தவே தேவையில்லை.

நகல் மட்டுமல்ல, பணியை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட சிமென்ட், தார் போன்றவற்றின் மாதிரியை எடுக்கவும் இதே சட்டத்தின் 2(j) பிரிவு உரிமை தருகிறது. கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதியில் இத்தனை கிலோமீட்டர் புதிய வடிகால் போட்டிருக்கிறார்கள். அந்த உரிமையைப் பயன்படுத்திய தெரு ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு இது மனவருத்தம் தரும் விஷயம்.

பிறகு கெடு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பதில் வராதபோது நம்மவர்கள் புதிதாக இன்னொரு மனு போடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். பதில் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே அதைப் பயன்படுத்த முடியும்?

தனிநபரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 30 நாள் இல்லை, 48 மணி நேரம். காவலில் இருப்பவர் பற்றிய மனுவில் இதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வார்டு குழுவையும் பகுதி சபையையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் விதிகள் வந்து, கிராம சபை போல நகரத்திலும் உட்கார்ந்து பேச இடம் கிடைத்திருக்கிறது. போகிறவர்கள் கவுன்சிலரிடம் குறையைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தக் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள்.

"விசாரணைக்குத்தான்" என்ற சொல்லை நம்பி உட்கார்ந்திருப்பது

இரவு பதினொரு மணிக்கு ஒரு தாய் காவல் நிலையத்துக்கு எதிரே, பூட்டிய டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். மகனை அழைத்துப்போனவர்கள் "விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம்" என்று சொல்லியிருந்தார்கள். விடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் மடியில் நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார்: "9.40 வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேர். ஒருவர் சட்டைதான், சீருடை இல்லை. நடந்துதான் போனான். காலில் ஒன்றும் இல்லை."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களின் எடையை வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் நான் உணர்ந்தேன். மறுநாள் மாலை அந்தப் பையன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

கைது என்று அவர்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வெளியே போக விடாமல் ஒருவரை வைத்திருக்கும் நிமிடத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வகுத்த நெறிகளில் பல இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலேயே இருக்கின்றன: நேரமும் தேதியும் எழுதி, குடும்பத்தார் அல்லது அக்கம்பக்கத்தார் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு, கைதுக்கான காரணத்தைச் சொல்வது, அவர் விரும்பும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது, மருத்துவப் பரிசோதனை.

சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் பயந்து மறுக்காதீர்கள். நேரத்தைப் படித்துப் பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு அழைத்துப்போனவருக்கு மறுநாள் காலை என்று எழுதியிருந்தால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதுங்கள். அப்படி எழுத விடாவிட்டால், உடனே ஆணையர் அலுவலகத்துக்குத் தந்தி போலச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அது எந்த நேரத்தில் போனது என்பது அதிலேயே பதிவாகிவிடும்.

வாசலில் தள்ளுமுள்ளு வேண்டாம். உள்ளே இருப்பவருக்காகப் போன தம்பிமேல் "பணி செய்ய விடாமல் தடுத்தார்" என்று இன்னொரு வழக்கு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் இரண்டு ஜாமீனுக்கு அலைந்தது.

அடுத்தது கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் லாக்-அப், வராந்தா, வாசல் எங்கும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்ல உரிமை உண்டு. "18 மாதம் இருக்கிறதே" என்று நிதானமாக இருப்பதுதான் பெரிய தவறு. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட், கேமராப் பதிவுக்கு ஒரு டெராபைட் இடம் இருந்தும் அது தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். காயத்தைக் கண்ட அன்றே "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவைப் பாதுகாக்கவும்" என்று எழுத்தில் கொடுங்கள்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லியிருப்பார்கள். இருபது வயதுப் பையன் அதைத்தான் சொல்லுவான். நீதிமன்ற வராந்தாவில் அவனைக் கண்ணால் பார்த்து "காயத்தைக் காட்டு" என்று சொல்ல வீட்டார் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

புழல் வாசலோடு நின்றுவிடுவது

சென்ட்ரல் அருகே இருந்த பழைய சிறை 2006இல் புழலுக்கு மாறியது. தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனிச்சிறை. நம் பகுதியில் புழல் பஸ்ஸில் ஒருமுறையாவது பையோடு போகாத தெரு குறைவு. ஆனால் மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வருவதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

சிறைக்குள்ளே பார்வையிட அதிகாரிகள் மட்டுமல்ல, அலுவல்சாராப் பார்வையாளர்களும் உண்டு. தமிழ்நாடு சிறை விதிகள், 1983 அதற்கு இடம் தருகின்றன. அவர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்களா, கடைசியாக எப்போது போனார்கள், பார்வையாளர் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்பது தகவல் உரிமையில் கேட்கக்கூடியதுதான். உணவு, மருத்துவர், தண்ணீர் பற்றிய குறையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கைதியே எழுதலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும், எண் 15100.

முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. நம் பையன்கள் மேல் சில்லறை வழக்குகள் அடுக்கப்படுவதன் விலை இங்கேதான் தெரிகிறது. தகுதியானவருக்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. வீட்டில் யாராவது நாளைக் கணக்கிட்டு நினைவூட்டினால் அது நடக்கும்.

குண்டர் சட்டத்தில் அடைத்துவிட்டால் "ஒரு வருடம் போகட்டும்" என்று இருந்துவிடுகிறார்கள். ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும், கைதிக்குத் தெரிந்த மொழியில். அந்தத் தாள்களை முழுதாக வாங்குங்கள். படிக்க முடியாத பக்கம், தமிழாக்கம் இல்லாத பக்கம் எது என்று குறியுங்கள். அரசுக்கு உடனே ஆட்சேப மனு அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அரசு காரணமின்றித் தாமதித்ததால் ஆட்கொணர்வு மனுவில் ரத்தான உத்தரவுகள் ஏராளம். மனுவே போகாவிட்டால் தாமதம் எங்கிருந்து வரும்?

குழந்தைகளின் முகம்

2020 ஜூனில் இராயபுரம் அரசு குழந்தைகள் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்று வந்தது; உச்ச நீதிமன்றமே அறிக்கை கேட்டது. இத்தகைய இல்லங்களில் தவறு நடந்தால் உடனே படம் எடுத்துப் பரப்புவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரும் தீங்கு. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் அது குற்றம். ஆறு மாதம்வரை சிறை. அதைவிட, அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் அந்தப் படம் அதே வயதில் நிற்கும். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இல்லங்களுக்குப் போக வேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும் என்கிறது 54ஆவது பிரிவு. கேட்க வேண்டியது அந்தக் குழு போன தேதிகளை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதும்போது இரண்டு தவறுகள். ஒன்று, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த பின் எழுதுவது. ஆணையம் அதை விசாரிக்க முடியாது. மற்றொன்று, டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்கும் ஒரே புகாரை அனுப்புவது. ஓரிடத்தில் நிலுவையில் இருப்பதை இன்னோர் இடம் எடுக்காது. நான்கு பக்கம் ஆவேசமும் வேண்டாம். யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள். கட்டணம் கிடையாது.

அந்தத் தாயின் மனு ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. மருத்துவமனைச் சீட்டுக்கும் முன்னால், முதல் இணைப்பாக, அந்த நாட்காட்டித் தாளின் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து வைத்திருந்தார் வழக்கறிஞர். முன்பக்கத்தில் பெரிய சிவப்பு எழுத்தில் அன்றைய தேதி இருந்தது.