ஓரிகாமிப் பூக்கள்: பரிசளிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகிதப் பூ மடித்துப் பரிசளிக்க விரும்புகிறவர்களில் பலர், பூ கோணலாக அமைந்தால் தங்கள் விரல்களுக்குப் பக்குவம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான கோணல்கள் முதல் மடிப்பு விழுவதற்கு முன்பே, தாளைத் தேர்ந்தெடுக்கும்போதும் சதுரமாக வெட்டும்போதும், நுழைந்துவிடுகின்றன. மீதமுள்ளவை மடிப்பு வேலை முடிந்த பிறகு, ஒட்டும்போதும் கட்டும்போதும் வருகின்றன. இடையில் உள்ள மடிப்பைப் படம் பார்த்தோ காணொளி பார்த்தோ யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆகவே இங்கே ஐந்து இதழ்களை மடித்து ஒட்டிச் செய்யும் குசுதாமாப் பூவை முதன்மையாக வைத்துக்கொண்டு, படங்கள் சொல்லாமல் விடுகிற இடங்களையே விரிவாகப் பார்க்கலாம்.

முதல் தவறு, பூ உறுதியாக நிற்க வேண்டும் என்று எண்ணிச் சார்ட் பேப்பரை எடுப்பது. கெட்டியான தாள் முதல் இரண்டு மடிப்புகளுக்கு நன்றாகத்தான் இருக்கும். அடுக்குகள் சேரச் சேர மடிப்பின் முனை உருண்டுபோய், இதழின் கூர் மழுங்கிவிடும். எதிர்த்திசைத் தவறு க்ரேப் பேப்பரை எடுப்பது. அது இழுத்தால் நீளும் தாள் என்பதால் வெட்டி ஒட்டிச் செய்யும் பூக்களுக்குப் பொருந்துமே தவிர, மடிப்புக் கோட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வண்ண ஏ4 தாள் குசுதாமாப் பூவுக்குப் போதுமானது. எந்தத் தாளாக இருந்தாலும் வாங்கியதும் ஒரு மூலையை மடித்து, நகத்தால் அழுத்தி நீவி, விரித்துப் பார்க்க வேண்டும். மடித்த இடத்தில் வண்ணம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிந்தால், அந்தத் தாள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பரிசுப் பூவுக்கு உதவாது. லில்லிப் பூவின் கதை வேறு. அதன் அடிப்பகுதியில் பல அடுக்குகள் ஒரே கூரில் வந்து சேர்வதால், 15 செ.மீ. அளவில் சதுரமாகவே விற்கப்படும் மெல்லிய ஓரிகாமித் தாளைத் தேடி வாங்குவது நல்லது. அந்தத் தாளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வண்ணம் இருக்கும் என்பதால், எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதை ஒரு மாதிரிப் பூ மடித்துப் பார்த்துவிட்டே மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

சதுரம் சதுரமாக இல்லாமல் போவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. அதிகம் பேசப்படாததும் அதுவே. ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மூலைவிட்ட மடிப்பு மூலையில் முடியாமல் விலகும். அடுத்த மடிப்பு அந்த விலகலையும் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் இதழின் ஒரு பாதி மெலிந்தும் மறு பாதி பருத்தும் நிற்கும். நேரத்தை மிச்சப்படுத்தப் பல தாள்களை ஒன்றாக அடுக்கிக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்கள், அடியிலுள்ள தாள்கள் நழுவுவதைக் கவனிப்பதில்லை. எஃகு ஸ்கேலைத் தாளின் மேல் அழுத்தி வைத்துப் பேப்பர் கட்டரால் ஒவ்வொன்றாகவோ இரண்டிரண்டாகவோ வெட்டுவதே பாதுகாப்பு. அளவையும் யோசித்து எடுத்துக்கொள்ளலாம். ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உடையது. நீளத்தை மூன்றாகப் பிரித்தால் 9.9 செ.மீ. வரும்; அந்த அளவில் ஒரே தாளில் ஆறு சதுரங்கள் கிடைக்கும். ஐந்து ஒரு பூவுக்கு; ஆறாவது, மாதிரிக்கோ கெட்டுப்போகும் இதழுக்கு மாற்றாகவோ உதவும். சிறிய பூ வேண்டுமென்றால் 7 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு வெட்டலாம். இரண்டு பூக்களுக்குப் போக இரண்டு மிஞ்சும். மிச்சம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் எண்ணி ஐந்தே வெட்டுகிறவர், ஓர் இதழ் கிழிந்தால் அதே வண்ணத் தாளுக்காக மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

மடிக்கும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் சிலவே. சதுரத்தை முக்கோணமாக்கி, இரு பக்க மூலைகளையும் உச்சிக்குக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு மடலையும் பாதியாக வெளிப்பக்கம் மடித்து, பின் அதை நிமிர்த்தி, உள்ளே விரல் விட்டு விரித்து அழுத்த வேண்டும். இந்த அழுத்தும் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மடலின் மடிந்த ஓரம், சற்று முன் பதித்த மடிப்புக் கோட்டின் மேல் அச்சுப் பிசகாமல் விழ வேண்டும். விழுந்ததா என்று பார்த்த பிறகே நகத்தால் நீவ வேண்டும். தவறாக நீவிய கோட்டைப் பின்னர் திருத்தலாம். ஆனால் பழைய கோடு மறையாது, வெளிர் வண்ணத் தாளில் அது தழும்பாகவே தெரியும். விரித்த மடலின் முனை ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஓரத்தோடு ஒட்ட உள்ளே மடக்காமல் விட்டால் பூவின் நடுப்பகுதி பிசிறாகக் காட்சியளிக்கும்.

படக்குறிகளைத் தவறாகப் படிப்பதும் உண்டு. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் கோடுகளும் அம்புகளும் கொண்ட குறிமுறைக்கு அடித்தளம் இட்டவர் ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005). அதில் வெறும் சிறுகோடுகள் முன்பக்கம் மடிப்பதையும், கோடும் புள்ளியும் கலந்து வருவது பின்பக்கம் மடிப்பதையும் குறிக்கும். போய்த் திரும்பும் அம்பு, மடித்துவிட்டு விரிக்கச் சொல்கிறது. அந்த அம்பைக் கவனிக்காமல் மடித்ததை மடித்தபடியே வைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனால், கையிலிருப்பது எந்தப் படத்தோடும் பொருந்தாது. செய்ய வேண்டியதை ஒரு படம் சொல்லும். செய்தபின் எப்படி இருக்க வேண்டும் என்பதை அடுத்த படம்தான் காட்டும்.

ஒட்டுவதில் தாராளம் ஆகாது. வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது. அதிகம் தடவினால் தாள் நெளியும், மலிவான வண்ணத் தாளில் சாயமும் இறங்கும். சிறிது பசையைத் தட்டில் ஊற்றி, தீக்குச்சி முனையால் தொட்டு, இரு மடல்களும் சந்திக்கும் முகத்தில் மெல்லிய கோடாக இழுத்தால் போதும். ஒட்டும்போது இதழைத் தட்டையாக அழுத்துவது இன்னொரு பிழை. இதழ் கூம்பாக வளைந்து நிற்க வேண்டிய வடிவம்; அதன் முதுகில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் வளைவு போய்விடும். பசை பிடிக்கும் வரை கிளிப் மாட்டிவைக்கலாம். கிளிப்பின் பல் பதியாமலிருக்க நடுவே ஒரு துண்டுத் தாளை வைக்க வேண்டும். ஐந்து இதழ்களையும் முழுமையாகக் காயவிட்ட பிறகே ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், அப்போது அடிக்கூர்கள் ஐந்தும் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேல் விளிம்பைப் பார்த்து ஒட்டுகிறவர்களின் பூவில் நடுவே ஓட்டை விழும். குளூ கன் வேகமானதுதான். ஆனால் அதன் கட்டியும் நூல் போன்ற இழைகளும் மெல்லிய இதழில் அசிங்கமாகத் தெரியும் என்பதால், அதைக் காம்பைப் பொருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பரிசு கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு புதிய, கடினமான பூவைத் தொடங்குவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜப்பானியக் கணிதவியலாளர் தோஷிகாசு கவாசாகி உருவாக்கிய ரோஜா, பார்க்கிறவர் மனத்தை உடனே கவரும். ஆனால் அதன் உயிர்நாடி, முன்கூட்டிப் பதித்த கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழன்று மடியும் படி. அது கைக்குப் பழக நாளாகும். தாமரையும் எளிதுபோலத் தோன்றி ஏமாற்றும்: மூலைகளை மீண்டும் மீண்டும் மையத்துக்கு மடித்துவிட்டுப் பின்பக்கத்து மடல்களை முன்னே இழுக்கும்போது, விறைப்பான தாள் மூலையில் கிழிந்துவிடும். மிருதுவான பேப்பர் நாப்கினில் அதே தாமரை தொல்லையில்லாமல் மலரும். பன்னிரண்டு குசுதாமாப் பூக்களைச் சேர்த்துப் பந்தாக்க ஆசைப்படுகிறவர்கள் அறுபது இதழ்கள் மடிக்க வேண்டும் என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. நேரம் குறைவென்றால், செம்மையாக மடித்த மூன்று பூக்கள் அவசரமாக மடித்த பன்னிரண்டைவிட மேல் என்பதே என் கருத்து.

காம்புக்குக் கனமான குச்சி வேண்டாம். பூ முன்னோக்கிச் சாயாதவாறு தாங்கினால் போதும். பச்சைத் தாள் சுற்றிய மெல்லிய கம்பியோ, சீவி உலர்த்திய தென்னை ஈர்க்குச்சியோ சரியாக இருக்கும். கம்பியின் நுனியை வளைத்துவிடாமல் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. மணம் வேண்டுமென்று இதழில் வாசனைத் திரவியம் தெளித்தால் எண்ணெய்க் கறை படியும். பெறுகிறவர் ஜப்பானியராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: அங்கே வெள்ளைச் சாமந்தி இறுதிச் சடங்கோடு தொடர்புடையது, நான்கு என்ற எண்ணிக்கையையும் பரிசில் தவிர்ப்பார்கள், ஆகவே வெள்ளைப் பூக்களை நான்காகக் கட்டுவதைத் தவிர்த்துவிடலாம்.

இவ்வளவு கவனித்தும், வழியில் பூ நசுங்கிப்போவதுதான் பரிதாபம். செலோபன் தாளில் இறுக்கிச் சுற்றிப் பையில் போடாமல், பூவின் உயரத்தைவிடச் சற்று உயரமான அட்டைப் பெட்டியில் வைத்து, நகராமலிருக்கக் காம்புகளை மட்டும் பெட்டியின் அடியில் டேப்பால் பிடித்துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்காற்றில் தாள் தளர்ந்து இதழ்கள் விரியும் என்பதால், கொடுக்கும் நேரம் வரை பெட்டியைத் திறக்காமல் உலர்ந்த இடத்தில் வைப்பது நலம். பெறுகிறவரிடம், நேர் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் வண்ணம் வெளுக்கும் என்றும், தூசியைத் துணியால் துடைக்காமல் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும் என்றும் ஒரு சிறு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.