நீண்ட தூர டிரையத்லானில் பஞ்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து. முழு தூரத்தில் 3.8 கி.மீ. நீந்திக் கரையேறியதும் 180 கி.மீ. சைக்கிள் காத்திருக்கிறது. அரை தூரம் என்றால் 90 கி.மீ. நடுவழியில் காற்று இறங்கினால், பழகிய கைக்கு அது ஐந்தாறு நிமிட வேலை. அதே பஞ்சருக்கு முக்கால் மணி நேரத்தைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், பந்தயத்தையே பாதியில் விட்டவர்களும் இருக்கிறார்கள். ஓட்டை எல்லோருக்கும் ஒரே ஓட்டைதான். பையில் இருக்கும் சாமான் தன் சக்கரத்துக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே பார்த்தாரா, அதை வைத்துத் தன் கையால் ஒரு தடவையாவது மாற்றிப் பார்த்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல மாதம் நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் உழைத்த ஒருவர், வால்வு நீளம் போதாமல் சாலையோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருந்தாத சாமானைச் சுமப்பது

முதலிடம் வால்வுக்குத்தான். பயிற்சிக்குச் சாதாரண சக்கரம், பந்தயத்துக்கு 60 அல்லது 80 மி.மீ. ஆழமுள்ள ரிம் என்று மாற்றிக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் சேடில் பையில் கிடக்கும் டியூப் பழையதாகவே இருக்கும். அதன் வால்வு ரிம்முக்குள்ளேயே மறைந்துவிடும், எதை வைத்தும் காற்றடிக்க முடியாது. ரிம்மைத் தாண்டி வால்வு ஒன்றரை சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும். நீட்டிப்புக் குழாய் போடுவதானால் அதையும் சேர்த்து மாட்டிக் காற்றடித்துப் பாருங்கள்; மரை சரியாக இறுகாவிட்டால் அந்த இணைப்பிலேயே காற்று கசியும். பின்னால் ஆரங்கள் தெரியாமல் தட்டு போல மூடிய டிஸ்க் வீல் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வால்வு இருக்கும் பொந்து குறுகலானது, சாதாரண பம்ப் தலை உள்ளே போகாது. அதற்கென்று வளைந்த அடாப்டர் இருக்கிறது. அது பந்தயப் பையில் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல.

அச்சைக் கழற்றும் சாவியும் இப்படித்தான். த்ரூ ஆக்சில், அதாவது சக்கரத்தின் ஊடே திருகி இறுக்கும் அச்சு, உள்ள பல சைக்கிள்களில் சக்கரத்தைக் கழற்ற ஆலன் கீ வேண்டும். அது இல்லாவிட்டால் பையில் என்ன இருந்தும் பயனில்லை. டியூப் புதிதுதானே என்று நம்பிவிடவும் வேண்டாம். டயரை நெம்பும் லீவரோடும் சாவியோடும் பல மாதம் உரசிக் கிடந்த டியூபில் பயன்படுத்துவதற்கு முன்பே ஓட்டை விழுந்திருக்கலாம். ஒருமுறை காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அப்புறம் காற்றை இறக்கி, துணியிலோ பிளாஸ்டிக் உறையிலோ சுற்றி வையுங்கள்.

கட்டுகிற இடமும் முக்கியம். சேடிலுக்குப் பின்னால் பாட்டில் கூட்டில் செருகி வைத்த டப்பா, மேடு பள்ளமான சாலையில் துள்ளி விழுந்துவிடும். பின்னால் வருகிறவருக்கும் அது ஆபத்து. ஸ்ட்ராப் போட்டு இறுக்கிவிட்டு, கரடான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிஓ2 கார்ட்ரிட்ஜை முதன்முதலாகப் பந்தயத்தில் திறப்பது

சிஓ2 கார்ட்ரிட்ஜ் என்பது பம்புக்குப் பதில் டயரை நிரப்ப, அழுத்திய கார்பன் டை ஆக்சைடை அடைத்த சின்ன உலோகக் குப்பி. அது காலை வாரிய கதை ஒன்று: 2008 அக்டோபரில் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் என்ற முழு தூர டிரையத்லான் உலக சாம்பியன்ஷிப். முந்தைய ஆண்டு வென்ற கிறிஸ்ஸி வெலிங்டன் சைக்கிளில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது டயர் பஞ்சரானது. டியூபை மாற்றினார், ஆனால் கையிலிருந்த வாயு டயருக்குள் போகாமல் வீணாகிவிட்டது. ஏறத்தாழ பத்து நிமிடம் சாலையோரம் நின்றார். அவ்வழியே வந்த போட்டியாளர் ரெபேக்கா கீட் தன்னிடமிருந்த கார்ட்ரிட்ஜைக் கொடுத்த பிறகுதான் மறுபடி கிளம்ப முடிந்தது. இரண்டாம் இடத்துக்கு வந்தவரைவிடச் சுமார் 15 நிமிடம் முன்னதாக அவர் முடித்தார் என்பது அவருடைய கால்களின் பலம். நமக்கு அந்தக் கால்கள் இல்லை, இன்னொருவர் வந்து கொடுப்பார் என்ற உறுதியும் இல்லை.

உலக சாம்பியனுக்கே இப்படி ஆகக் காரணம், அந்தக் கருவி இரண்டாவது வாய்ப்பு தராது. குப்பியில் மாட்டும் தலைப்பகுதி வால்வில் முழுதாக உட்காராமல் திறந்தால் இரண்டு மூன்று விநாடியில் மொத்த வாயுவும் வெளியே போய்விடும். பந்தய சைக்கிள்களில் உள்ள மெல்லிய பிரெஸ்டா வால்வின் நுனியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்த மறந்தாலும் அதே கதிதான். வாயு வெளியேறும்போது உலோகக் குப்பி உறைபனி படியும் அளவுக்குக் குளிரும். ஈரமான விரல் அதில் ஒட்டிக்கொள்ளும், பதறிக் கையை இழுத்தால் தலை நழுவும். எனவே உறை போட்ட குப்பியும், திருகி அளவைக் கட்டுப்படுத்தும் தலையும் வாங்குவதே நல்லது. குத்தியவுடன் முழுதும் பீய்ச்சும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவையும் பாருங்கள். 25 மி.மீ. டயருக்கு 16 கிராம் குப்பி போதும். 28, 30 மி.மீ. என்று அகலமாகப் போகும்போது 20 அல்லது 25 கிராம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. மரை உள்ள குப்பி, மரை இல்லாத குப்பி என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் தலை பெரும்பாலும் மற்றதற்குச் சேராது. விமானத்தில் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள். குப்பிகளை விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு இருப்பதால் போன இடத்தில் அவசரமாக வாங்குவார்கள், அது கொண்டுவந்த தலைக்குப் பொருந்தாது.

பயிற்சிக்காக ஒன்றிரண்டு குப்பிகளைச் செலவழிப்பதை வீண் என்று நினைக்காதீர்கள். பந்தயத்துக்கு இரண்டு குப்பியோடு சின்னக் கை பம்ப் ஒன்றும் இருக்கட்டும். எடை சுமார் 100 கிராம்தான். கை வலிக்கும், நேரமாகும், ஆனால் தீர்ந்துபோகாது.

காரணத்தைத் தேடாமல் டியூபை மட்டும் மாற்றுவது

இரண்டாவது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் முதல் டியூபைக் குத்திய பொருள் இன்னும் டயரிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் வேலை இதுதான். அரை நிமிடம் செலவழித்தால் போதும்.

டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து கழற்றுங்கள். டியூபை எடுக்கும்போது வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று நினைவில் வையுங்கள். டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டுபோனால் எங்கே கசிகிறது என்று தெரியும். வால்விலிருந்து அது எவ்வளவு தூரமோ, டயரிலும் அதே தூரத்தில் தேடுங்கள். விரலை வேகமாக ஓட்டாதீர்கள், கண்ணாடித் துண்டு கிழித்துவிடும். வெடித்த லாரி டயர்களிலிருந்து சாலையில் சிதறும் முடி போன்ற எஃகுக் கம்பிகள் இன்னும் தந்திரமானவை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். சாக்ஸ் நுனியையோ கையுறையையோ உள்பக்கம் மெதுவாக இழுத்தால் நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும்.

ஓட்டை இருக்கும் இடமும் விஷயம் சொல்லும். பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கியபோது ரிம் நசுக்கியிருக்கிறது. முள்ளைத் தேடி நேரத்தை விடாதீர்கள். உள்பக்கம், அதாவது ரிம்மைத் தொடும் பக்கம் ஓட்டை என்றால் ஆரத் துளைகளை மூடும் ரிம் டேப் பெரும்பாலும் விலகியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் நிற்காது. டயரின் பக்கவாட்டே கிழிந்திருந்தால் உள்ளே தடுப்பு கொடுக்காவிட்டால் டியூப் பிதுங்கி வெடிக்கும். பழைய டயரிலிருந்து வெட்டிய தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்று பையில் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் பந்தயத்தில் சாப்பிடும் ஜெல்லின் உறையை மடித்து வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து ஓட்டலாம்.

மாட்டும்போது புது டியூபில் முதலில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விட்டால் உள்ளே முறுக்கிக்கொள்ளாது. டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிப் பகுதி ஏறாவிட்டால் லீவரை எடுப்பதற்கு முன், மற்ற பக்கத்து விளிம்பு முழுவதையும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ளுங்கள், அப்போது தளர்வு கிடைக்கும். லீவரால் நெம்பி ஏற்றும்போது புது டியூபைக் கடித்துக் கிழிப்பது ரொம்ப சகஜம். முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, சுற்றிலும் டியூப் எங்கும் மாட்டவில்லை என்று பார்த்த பிறகே முழுக் காற்று.

பின் சக்கரம் என்றால் கழற்றுவதற்கு முன்பே செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரம் இல்லாதபோது பிரேக்கை அழுத்தினால் பேடுகள் நெருங்கிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் உள்ளே நுழையாது. குனிந்து முழங்கையை ஊன்றி ஓட்டுவதற்கான ஏரோ பார், முன்பக்க பாட்டில் எல்லாம் உள்ள சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தவும் முடியாது. செயின் மேலே இருக்கும்படி படுக்க வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இதையும் வீட்டில் செய்து பாருங்கள், பந்தயத்துக்கான அதே சக்கரம், அதே டயரோடு. புது டயர்கள் கல் போல இறுக்கமாக இருக்கும்.

ட்யூப்லெஸ் என்றால் கவலையே இல்லை என்று நினைப்பது

டியூப் இல்லாத இந்த டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும், உண்மைதான். ஆனால் அது காய்ந்துபோகும். வெப்பத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத்தில் உள்ளே தோல் போல ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு புதிதாக ஊற்றுங்கள். பெரிய ஓட்டைக்கு அதில் செருகி அடைக்கும் ரப்பர் பிளக் வேண்டும், கிழிசலுக்குக் கடைசியில் டியூப்தான். டியூப் போட ட்யூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும். அதன் நட்டை வீட்டில் இடுக்கி வைத்து இறுக்கியிருந்தால் சாலையில் விரலால் திருக முடியாது. சில சீலன்ட்கள் சிஓ2 பட்டால் கட்டிதட்டும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயர் இப்போது குறைந்துவிட்டது. இன்னும் பயன்படுத்துகிறவர்களுக்கு 2005 கோனா நினைவிருக்கட்டும். முந்தைய ஆண்டு சாம்பியனான நார்மன் ஸ்டாட்லர், பஞ்சரான டயரைப் பசை விடாததால் உரித்தெடுக்க முடியாமல் திணறினார். அன்று அவர் பந்தயத்தை முடிக்கவில்லை. அடுத்த ஆண்டே திரும்பி வந்து மறுபடி வென்றார்.

முந்தைய நாளும் பந்தயக் காலையும்

பல பந்தயங்களில் முதல் நாளே சைக்கிளை டிரான்சிஷனில், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில், விட்டுவிட வேண்டும். வெயிலில் டியூப் வெடிக்குமோ என்று பயந்து பாதிக் காற்றை இறக்கிவிட்டு, காலையில் பம்புக்கு அலைகிறவர்கள் உண்டு. கணக்கு இவ்வளவுதான்: 25 டிகிரியில் 90 பிஎஸ்ஐ அடித்த டயர் 55 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ ஆகும். ஒழுங்காக மாட்டிய நல்ல டயர் இதைத் தாங்கும். வெடிப்பவை பெரும்பாலும் டியூப் விளிம்பில் மாட்டிக்கொண்டவை, அல்லது ஏற்கெனவே உச்ச அளவில் அடித்தவை. டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம்களுக்கு உச்சவரம்பே 72.5 பிஎஸ்ஐதான் என்பதால் அங்கே மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மாலையில் கொஞ்சம் குறைத்து வைத்து, காலையில் சரியான அளவுக்கு அடிப்பது எளிது. பம்ப் தலையை வெடுக்கென்று இழுத்து வால்வு நுனியை வளைத்துவிடாதீர்கள், நீந்தப் போகும் அவசரத்தில் அடிக்கடி நடக்கிறது.

தேய்ந்த டயரோடு வருவதும், பந்தயத்துக்கென்று காகிதம் போன்ற மெல்லிய டயரைப் போடுவதும் என் பார்வையில் ஒரே வகைத் தவறு. வலுவான டயரில் சில வாட்ஸ் போகலாம். மெல்லிய டயர் மிச்சம் பிடித்துத் தரும் சில நிமிடங்களை ஒரே பஞ்சர் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். சாலை சுத்தமாக இருக்கும் என்று தெரிந்தால் மெல்லியதைப் போடுங்கள், தெரியாவிட்டால் வேண்டாம்.

விதியும் பதற்றமும்

வேடிக்கை பார்க்கும் நண்பரிடம் பம்ப் வாங்கினால் அது வெளி உதவி, தகுதி நீக்கம் வரை போகலாம். சக போட்டியாளர் டியூபோ கார்ட்ரிட்ஜோ கொடுப்பதைப் பல பந்தயங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் பந்தயத்தின் கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள். பழைய டியூபையும் காலிக் குப்பியையும் சாலையில் எறிந்தால் அதற்கும் தண்டனை உண்டு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளரின் மெக்கானிக் வருவார் என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். 180 கி.மீ. பாதையில் அவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, கட்-ஆஃப் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

காற்றடித்துக் கிளம்பியதும் இழந்த நேரத்தைப் பிடிக்க மிதிப்பவர்கள் அதற்கான விலையை சைக்கிளுக்குப் பின் வரும் மாரத்தானில் கொடுக்கிறார்கள். ஆறு நிமிடத்தை ஒரு மணி நேரத்தில் ஈடுகட்ட முயன்றால், ஓட்டத்தின் கடைசி 10 கி.மீ. நடையாகிவிடும். முதல் பத்து நிமிடம் வழக்கமான வேகத்தைவிடக் குறைவாகவே போங்கள். நின்ற நேரத்தில் குடிக்காமல் விட்ட தண்ணீரையும் ஜெல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் காற்றைப் பிடித்து நிற்கிறதா என்று கவனிக்கவும் அந்த நேரம் உதவும்.

வீட்டுக்கு வந்தபின் அந்தச் சக்கரத்தின் வாயுவை முழுதாக இறக்கிச் சாதாரணக் காற்றை அடியுங்கள். கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியாக விரைவில் கசிந்துவிடும், மறுநாளே டயர் தொளதொளவென்று இருக்கும். அதைப் பார்த்துப் புது டியூபையும் ஓட்டை என்று தூக்கிப்போட வேண்டாம்.