ஜிங்க் ஆக்சைடு களிம்பு: டயப்பர் புண்ணுக்குப் பூசும்போது செய்யக்கூடாதவை

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது டயப்பர் புண் வந்தது. ஒவ்வொரு தடவை டயப்பர் மாற்றும்போதும் பழைய களிம்பு துளிகூட ஒட்டியிருக்காதபடி தேய்த்துத் துடைத்துவிட்டு, புதிதாக மெல்லிசாகத் தடவுவேன். மூன்று நாளாகியும் சிவப்பு குறையவில்லை. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "நீங்க துடைக்கத் துடைக்கத்தாம்மா புண்ணாகுது. மேல இருக்கிற மலத்தை மட்டும் எடுங்க, களிம்பு இருந்தா இருக்கட்டும்" என்றார்.

ஜிங்க் ஆக்சைடு தண்ணீரில் கரையாத வெள்ளைத் தூள். வாசலின் மாதிரியான பிசுக்கோடு குழைத்து டியூபில் அடைக்கிறார்கள். அது தோலுக்குள் ஊறி வேலை செய்வதில்லை. மேலேயே உட்கார்ந்து, சிறுநீரும் மலமும் தோலில் படாமல் தடுக்கிறது. அதனால் முகத்துக்கு க்ரீம் போடுவதுபோலத் தேய்த்து மறையவைத்தால் பலனில்லை. தோலின் நிறமே தெரியாத அளவுக்கு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்ப வேண்டும். ராத்திரி ஒருமுறை முழுக்க எடுக்க நினைத்தால், பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு ஒற்றினால் தானே கழன்று வரும். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஈரத்தோடு பூசுவது அடுத்த தவறு. தடுப்பு வெளி ஈரத்தை உள்ளே விடாது என்றால், உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, பத்து நிமிஷம் காற்றாட விட்டபிறகு பூசுங்கள். பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் தொடை இடுக்கில் கட்டிகட்டியாகத் திரளும். அதன் தூசி குழந்தையின் மூச்சிலும் போகும்.

டியூபில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தினசரித் தடுப்புக்கு 10 முதல் 20 போதும். சிவந்து புண்ணாகிவிட்டால் 40 சதவீதம் வரை உள்ள கெட்டியான களிம்பு உதவும்.

ஒழுங்காகப் பூசியும் இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, தொடை மடிப்புக்குள்ளேயே செக்கச்செவேலென்று இருக்கிறது, ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கின்றன என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஜிங்க் மட்டும் போதாது. குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும், மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பயம். அவசரத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் நாள் சிவப்பு சட்டென்று அடங்கும், மனசு குளிரும். ஆனால் டயப்பர் மூடியிருக்கும் இடத்தில் அந்த மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். தோல் மெலியும், பூஞ்சையும் பரவும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதை வாங்காதீர்கள்.

வேர்க்குருவுக்கு இந்தக் கெட்டிக் களிம்பைப் பூசினால் வியர்வைத் துளைகள் இன்னும் அடைபடும். அதற்குக் காலமைன் லோஷன் தேவலை. அதிலும் ஜிங்க் ஆக்சைடுதான் இருக்கிறது, ஆனால் பிசுக்கில்லாமல் காய்ந்துவிடும். சன்ஸ்கிரீனில் இருப்பதும் இதே பொருள்தானே என்று களிம்பை முகத்தில் பூசி வெயிலில் போவதும் சரியல்ல. எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்று சோதித்துத் தயாரித்ததல்ல அது.

சீழ், கொப்புளம், காய்ச்சல், ரத்தக் கசிவு: இதில் எது தெரிந்தாலும் டியூபை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.