புது வேலையும் பள்ளி லீவும்: எல்லையோரத்துத் தாய்மார் செய்கிற தவறுகள்

எனக்குக் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீடு, தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் வேலை. பன்னிரண்டு வருடமாக வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தினமும் இரண்டு தடவை தாண்டுகிறேன். போன மார்ச்சில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண், "அக்கா, ஏப்ரல் ஒண்ணாம் தேதியே சேரச் சொல்லிட்டாங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். பையன் மூன்றாம் வகுப்பு, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடம். எனக்கு அடிவயிறு பிசைந்தது. நானும் அதே தேதிக்குத்தான் தலையாட்டினேன்.

சாப்பாடு எடுத்துவைப்பது, போன் நம்பரைச் சுவரில் ஒட்டுவது போன்றவை உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பள்ளி மூடும் நாளைப் பார்க்காமல் சேரும் தேதிக்குச் சம்மதிப்பது

கேரளத்தில் பள்ளி மார்ச்சோடு மூடி ஜூன் ஒன்றையொட்டித் திறக்கும். ஏப்ரல், மே இரண்டும் முழு லீவு. தமிழ்நாட்டில் ஏப்ரலில் பரீட்சை நடக்கும். லீவு என்றால் அங்கே மே மாதம்தான். கோயம்புத்தூரில் வேலை கொடுப்பவர் மனதில் இருப்பது அந்தக் கணக்கு. ஏப்ரலில் பிள்ளை வீட்டில் இருப்பாள் என்று நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றவே தோன்றாது. நிறைய அலுவலகங்களில் புதுக் கணக்கு வருடம் ஏப்ரல் ஒன்றில் தொடங்குவதால், ஆள் எடுப்பதும் அப்போதுதான். நம் பள்ளி மூடுவதும் புது வேலை தொடங்குவதும் ஒரே நாளில் வந்து விழும்.

நான் சேர்ந்த வருடம் மகளுக்கு ஆறு வயது. அம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்து இரண்டு மாதமும் இருப்பதாகச் சொன்னார்கள். எட்டாம் நாள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று போன் வந்தது, அம்மா கிளம்பிவிட்டார்கள். அடுத்த மூன்று நாள் பக்கத்து வீட்டில் விட்டேன். அப்புறம் நாத்தனார் வீடு. அதற்கும் அப்புறம் யாரும் இல்லை, நானே லீவு போட்டேன். தகுதிகாண் காலத்தில் மாதம் ஒரு நாள்தான் சம்பள லீவு. இரண்டு மாதத்தில் பதினேழு நாள் சம்பளம் போனது. ஆறு மாதமாக இருந்த தகுதிகாண் காலத்தை ஒன்பதாக்கினார்கள். அதோடு சம்பள உயர்வும் மூன்று மாதம் தள்ளிப்போனது. பணம் போகட்டும். காலையில் எழுந்ததும் "இன்னிக்கு நான் யார் வீட்டுக்கு?" என்று மகள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. ஒரு வருடம் கழித்து, ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "கேட்டிருந்தா ஜூன்ல சேரச் சொல்லியிருப்பேனேம்மா, அந்த இடம் அதுக்கு முன்னாடி நாலு மாசம் காலியாத்தான கிடந்தது." நான் கேட்கவே இல்லை. கேட்டால் வேலையே போய்விடும் என்று பயந்தேன்.

அதனால் வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். "பிள்ளை கேரளப் பள்ளியில் படிக்கிறான், ஏப்ரலும் மேயும் லீவு. பள்ளி திறந்ததும் ஜூனில் சேரலாமா?" இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டமெல்லாம் சொல்ல வேண்டாம். முடியாது என்றால் இரண்டு வாரமாவது கேளுங்கள். ஒத்துக்கொண்டதை மெயிலில் வாங்கிவிடுங்கள். வாயால் சரி சொன்ன மேலாளர் மாறிப்போனால் அந்தச் சரியும் அவரோடு போய்விடும். பஸ்ஸில் பார்த்த பெண் அன்று சாயங்காலமே போன் போட்டாள். ஜூன் இரண்டாம் வாரம் கொடுத்தார்கள்.

ஒரே ஆளை நம்புவது

இரண்டாவது ஆள் பெயர் தெரியாமல் லீவுக்குள் கால் வைக்காதீர்கள்.

மழை லீவை மறந்துவிடுவது

ஜூனில் சேர்ந்தால் எல்லாம் சுலபம் என்றும் இல்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதும் வழக்கமாக ஜூன் ஒன்றையொட்டித்தான். பாலக்காட்டுக் கலெக்டர் லீவு அறிவிப்பது முந்தின நாள் இரவில், சில சமயம் அன்று காலையில். மண்ணார்க்காடு, அட்டப்பாடிப் பக்கம் கொட்டுகிற மழைக்கு மாவட்டம் முழுக்க லீவு விடுவார்கள். சித்தூர்க் கிழக்கு வறண்ட பூமி, அன்றைக்கு இங்கே வெயில் அடிக்கும். வெயிலில் நின்றுகொண்டு "மழை லீவு சார்" என்று போனில் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் இந்த விஷயத்தைச் சொல்லிவையுங்கள். லீவு அறிவிப்பைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சம்பள லீவில் இரண்டு நாளை ஆகஸ்ட் வரை தொடாமல் வையுங்கள்.

ஓணத்தைத் தமிழ்நாட்டு நாட்காட்டியில் தேடுவது

அதில் அதிகம் போனால் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை இருக்கும். நம் பள்ளிக்கோ பத்து நாள் அளவுக்கு லீவு. தேதியும் நகர்ந்துகொண்டே இருக்கும்: திருவோணம் 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. கிறிஸ்துமஸ் லீவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

குழந்தைக் காப்பகம் உண்டா என்று கேட்காமல் இருப்பது

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை, இடைவேளையையும் சேர்த்து, போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம். இது சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு உதவாது, ஆனால் அவன் தங்கைக்கு உதவும். நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

கணவரின் லீவைக் கணக்கில் சேர்க்காதது

பிள்ளைக்காகப் போடும் லீவில் அவருக்கும் உங்களுக்கும் பாதிப் பாதி.

பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவது

அரை மணி நேரம்கூட வேண்டாம்.

பொங்கலை வீணாக்குவது

தைப்பொங்கலுக்குப் பாலக்காட்டிலும் உள்ளூர் விடுமுறை உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு நமக்கு மட்டும்தான் லீவு, பிள்ளை பள்ளிக்குப் போய்விடுவான். நான் அன்று பள்ளிக்கு நேரில் போய் ஆண்டுப் பரீட்சை எந்த நாளில் முடியும் என்று விசாரித்து வருவேன். ஏப்ரல், மேக்கு யார் யாரிடம் பிள்ளையை விடுவது என்ற பட்டியலை அன்றைக்கே எழுதத் தொடங்கிவிடுவேன்.