கதவு வைக்கும் முன்பே ஒயர் இழுக்காதீர்கள்: வீடு கட்டும் இடத்தில் திருட்டுக்கு வழிவிடும் தவறுகள்

எங்கள் வீடு பாதி எழும்பியிருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால், சுவரில் ஸ்விட்ச் பெட்டிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. சனிக்கிழமைதான் எலக்ட்ரீஷியன் ஒயர் இழுத்து முடித்திருந்தார். பைப்புக்குள் இருந்ததை ஒரு முனையில் பிடித்து அப்படியே உருவிக்கொண்டு போயிருந்தார்கள். செம்புக்கு எந்தப் பழைய இரும்புக் கடையிலும் உடனே காசு. வாசலில் கதவு கிடையாது; ஒரு தகரத்தைச் சாத்தி வைத்திருந்தோம்.

தப்பு எங்களுடையதுதான். பைப்பைப் பூச்சுக்கு முன்பே பதித்தாக வேண்டும். ஆனால் ஒயருக்கு அந்த அவசரம் இல்லை. கதவும் ஜன்னல் கிரில்லும் மாட்டிய பிறகு இழுக்கலாம். குழாய், ஷவர், மோட்டாருக்கும் இதே கணக்குதான். ஆஃபர் விலையில் கிடைக்கிறதே என்று முன்கூட்டி வாங்கி அடுக்கினால், யாருக்கோ வாங்கி வைத்த மாதிரி.

அடுத்தது, கம்பியை எடைச் சீட்டை மட்டும் நம்பி இறக்குவது. கம்பியின் மில்லிமீட்டர் அளவை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்.எம். கம்பி சுமார் 4.7 கிலோ. எத்தனை கம்பி இறங்கியது என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள், சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். முழுக் கம்பியைத் தூக்க வண்டி வேண்டும். வெட்டிப் போட்ட துண்டுகளுக்கு ஒரு கோணிப்பை போதும். அவற்றைச் சிதற விடாமல் ஒரே இடத்தில் சேர்த்துப் பூட்டி வையுங்கள்.

சிமெண்டுக்கு, மாலையில் காலிச் சாக்கை எண்ணுங்கள். காலை இருப்பில் அதைக் கழித்தால் வரும் மூட்டைகள் ஷெட்டில் இருக்க வேண்டும். குறைந்தால் அன்றைக்கே மேஸ்திரியிடம் கேளுங்கள். அதற்காக எதைக் காணோமென்றாலும் முதலில் சித்தாள்மீது சந்தேகப்படுவது அநியாயம்.

இரவில் இருட்டாகக் கிடக்கும் கட்டடத்துக்குக் குடிக்க ஆள் வரும். மறுநாள் பாட்டில் சில்லு, உடைந்த டைல்ஸ். தற்காலிக மின் இணைப்பில் வாசலுக்கு ஒரு விளக்கு போட்டுவிடுங்கள். கேமரா வைப்பதும் நல்லதுதான். ஆனால் எதிர்வீட்டுக்காரரிடம் உங்கள் நம்பர் இல்லையென்றால் அது அரை காவல்தான் என்பேன்.

திருட்டுப் போனால், ‘சின்னத் தொகைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். அப்புறம், பில் எங்கே என்று கேட்பார்கள். எங்கள் ஒயர் பில் மேஸ்திரியின் சட்டைப் பையில் நனைந்து மாவாகிக் கிடந்தது.