கமிட்டி வேலைகளைச் சமாளிப்பது எப்படி? புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்கு

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் பிரின்சிபால் அறையிலிருந்து ஒரு சர்குலர் வரும்: அந்த ஆண்டுக்கான கமிட்டிப் பட்டியல். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் பெயர் அதில் ஐந்தாறு இடங்களில் இருப்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சகஜம். "சின்ன வயசு, ஓடியாடிச் செய்வார்" என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் பாடம் தயாரிக்கும் நேரத்தை அது தின்றுவிடக் கூடாது.

படி 1: முதலில் விதியைப் படியுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேரம் வேலை. உதவிப் பேராசிரியர் அதில் 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும். பாடத் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம், ஆராய்ச்சி, கமிட்டி எல்லாம் மீதி 24 மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

பதவி உயர்வுக்கான மதிப்பீட்டையும் பாருங்கள். ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று'. நிர்வாகப் பொறுப்பு, தேர்வுப் பணி, மாணவர் செயல்பாடு, ஆய்வு போன்றவற்றில் மூன்று இருந்தால் அங்கும் 'நன்று'. ஒன்றிரண்டுதான் என்றால் 'திருப்தி'. வகுப்பில் 'நன்று' வாங்கியவருக்குப் பிற பணிகளில் 'திருப்தி' இருந்தாலே மொத்த மதிப்பீடும் 'நன்று'தான். வகுப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்பது கமிட்டியில் இருந்தாலும் கை கொடுக்காது. 'பதவி உயர்வுக்கு உதவும்' என்று சொல்லி நான்காவது, ஐந்தாவது கமிட்டியைத் தலையில் கட்டும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

படி 2: கமிட்டிகளை எடை போடுங்கள்

எல்லாக் கமிட்டியும் ஒரே கனம் இல்லை. நூலகக் கமிட்டி ஆண்டுக்குச் சில கூட்டங்களோடு முடிந்துவிடும். ஆன்டி ராகிங் ஸ்குவாடுக்கு முதலாமாண்டு மாணவர்கள் வரும் மாதங்களில்தான் ஓட்டம். விடுதியைத் திடீரென்று போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். தேர்வுக் கமிட்டிக்கு செமஸ்டர் கடைசி. ஒரே மாதத்தில் உச்சத்துக்குப் போகும் இரண்டை மட்டும் சேர்த்து ஏற்காதீர்கள்.

பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு தனி ரகம். புகார் வராத ஆண்டில் வேலை குறைவு. வந்துவிட்டால் 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ரகசியமும் காக்க வேண்டும். துறைத்தலைவர், டீன் போன்றவர்கள் இதில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று யுஜிசியின் 2015 விதி சொல்வதால், பொறுப்பு நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வரும். இதை மனமார ஏற்று, வேறொன்றை விட்டுவிடுங்கள். மாணவிகளுக்கு நேரடியாகப் பயன்படும் வேலை இது.

படி 3: மறுக்க வேண்டியதை நேரில் மறுங்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். கையில் உங்கள் டைம்டேபிளோடு துறைத்தலைவரைப் பாருங்கள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் தேசிய அமைப்பான நாக்குக்கான வேலையும் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"சார், கலைவிழாக் கமிட்டியில என் பேர் இருக்கு. ஏற்கெனவே தேர்வுக் கமிட்டியும் நாக் வேலையும் என்கிட்ட இருக்கு. மூணும் மார்ச்லதான் வருது. எதை வச்சுக்கிட்டா துறைக்கு நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

வெறுமனே 'முடியாது' என்றால் மனக்கசப்புதான் மிஞ்சும். இப்படிக் கேட்டால் அவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வரவேற்பு, குத்துவிளக்கு, கோலம், தொகுத்து வழங்குவது எல்லாம் ஆண்டுதோறும் பெண் ஆசிரியர்களுக்கே போகின்றன. உட்கார்ந்து முடிவெடுக்கும் கமிட்டிகளில் அவர்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளர்களுக்கோ பதவி உயர்வே கிடையாது. ஆனாலும் கமிட்டி வேலை மட்டும் தாராளமாக வருகிறது. கன்வீனராக (கமிட்டியை ஒருங்கிணைப்பவராக) இருப்பவர்கள் பட்டியல் போடும்போதே இதைச் சரிசெய்யலாம்.

படி 4: கூட்டத்தைச் சுருக்குங்கள்

பேச வேண்டியதை முந்தின நாளே அனுப்பிவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும். மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு எழுதும் வேலை உங்களுக்கு வந்தால் (புதியவருக்கு நிச்சயம் வரும்) "விழாவைச் சிறப்பாக நடத்தத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. "மேடை, மைக்: இயற்பியல் துறை, ஆகஸ்ட் 12-க்குள்" என்று ஆள், வேலை, தேதி மூன்றையும் எழுதுங்கள்.

படி 5: ஆவணத்தை அன்றைக்கே முடியுங்கள்

நாக் வேலையில் உயிரை எடுப்பது இதுதான். கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி-யின் ஆண்டறிக்கை தயாரிக்கும்போது, எப்போதோ நடந்த கருத்தரங்கின் புகைப்படத்துக்காக ஒவ்வொருவரின் போனாகத் தேட வேண்டியிருக்கும். நிகழ்ச்சி முடிந்த அன்று மாலையே கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். சர்குலர், அழைப்பிதழ், மாணவர் கையெழுத்திட்ட வருகைப் பட்டியல், இடமும் தேதியும் பதிவாகும் ஜியோடேக் படம் இரண்டு, ஒரு பக்க அறிக்கை. அவ்வளவுதான். ஃபோல்டர் பெயரைத் தேதியில் தொடங்குங்கள், வரிசை தானாக அமையும்.

படி 6: ஆண்டு முடிந்ததும் ஒப்படையுங்கள்

ஏப்ரலில் ஃபோல்டரின் உரிமையைக் கல்லூரி மின்னஞ்சல் கணக்குக்கு மாற்றுங்கள். ரசீதுகளை அலுவலகத்தில் கொடுத்து முன்பணக் கணக்கை முடியுங்கள். அப்புறம், அந்தப் பணியில் நீங்கள் இருந்ததற்கான ஆணையின் நகலை உங்கள் சொந்த ஃபைலில் வையுங்கள். பதவி உயர்வு விண்ணப்பத்தோடு அதைத்தான் கேட்பார்கள்.