பிள்ளைகளோடு ஒரு நாள், 500 ரூபாயில்

போன வருஷம் தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம், பிள்ளைகளைக் கோயமுத்தூரில் ஒரு மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் 3,180 ரூபாய் போயிருந்தது. அதில் போய்வந்த செலவு 300-ஐத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் அங்கே நின்ற இடத்தில், பிள்ளைகள் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தது. விளையாட்டுக்கு வாங்கிய கார்டில் 140 ரூபாய் மிச்சம் இருந்தது, அதைத் திருப்பித் தரவும் இல்லை. என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் பெட்ஷீட்டுக்கு ஓரம் தைக்கிறேன். 3,180 ரூபாய்க்கு எத்தனை ஓரம் தைக்கணும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வெளியே போகிறோம். ஐந்து பேர்: நாங்கள் இரண்டு பேர், அத்தை, ஒன்பது வயது மகள், நாலரை வயதுச் சின்னவன். செலவு 500-க்குள் நிற்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பணத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். சென்னிமலையில் எங்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி. கூலி வந்ததும் மளிகைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே 125 ரூபாயை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். நாலு சனிக்கிழமைக்கு 500. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் அந்த அஞ்சாவது 125-ஐத் தனியாக எடுத்து வைக்கிறோம், அது ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு. எண்ணிப் போடும் வேலை மகளுடையது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரிவதால், இல்லாததைக் கேட்டு அடம் பிடிப்பது பாதி குறைந்துவிட்டது.

அடுத்தது பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இதை வேலைக்குப் போவதற்குத்தான் என்று நினைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமையும் அதே பஸ்தான் ஓடுகிறது. பெண் பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை, அஞ்சு வயது நிறையாத பையனுக்கும் இல்லை. ஆக எங்கள் ஐந்து பேரில் டிக்கெட் எடுப்பது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். விரைவு பஸ்ஸுக்கு அவசரப்படாமல் டவுன் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் கூட நின்றால் போதும். கொஞ்சம் தள்ளிப் போவதென்றால் பாசஞ்சர் ரயில். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய், அஞ்சு வயதுக்குக் கீழே இங்கேயும் டிக்கெட் இல்லை. பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள், அபராதம் போட்டால் மாதப் பணம் அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வரும் வண்டியின் நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பணம் ஒழுகுவது அங்கேதான். அரிசிம்பருப்புச் சோறு எங்கள் பிள்ளைகளுக்கு உயிர், ஆனால் கட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் இறுகிவிடும். அதைக் காலையில் சுடச்சுட வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குவேன். வழிக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும். புளிக்காய்ச்சலை முந்தின ராத்திரியே நல்லெண்ணெய் மேலே மிதக்கிற அளவுக்குக் காய்ச்சி வைத்துவிட்டால், காலையில் சோற்றை ஆறவிட்டுப் பிசைவது மட்டும்தான் வேலை. சூட்டோடு பிசைந்து மூடினால் வேர்த்து நொந்துபோகும். தயிர்ச்சோற்றுக்குச் சோற்றை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். போகும் வழியிலேயே தோய்ந்து, ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிப்பில்லாமல் இருக்கும். தூக்குப்போசிக்குள் வாழையிலையை அனலில் வாட்டி அடியில் போட்டு அதன்மேல் சோற்றை வைப்பேன். வாட்டாத இலை மடக்கினால் கிழியும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில். அவித்த நிலக்கடலை, இரண்டு கை பொரி, ஒரு சீப்புப் பழம். பதினொரு மணிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு பசி வரும், கவனித்துப் பாருங்கள். சோற்றுப் பசி இல்லை, வாய்க்கு எதையாவது கேட்கும் பசி. அந்த நேரத்தில் கடலை கையில் இருந்தால் கடையைப் பார்த்துக் கை நீளாது.

அப்புறம், பிள்ளைகள் கையில் காசு. பலர் இதைச் செய்யப் பயப்படுகிறார்கள். மகளுக்கு 30, சின்னவனுக்கு 20, கிளம்பும்போதே கொடுத்துவிடுவேன். பெட்ஷீட் துண்டுத் துணியில் ஆளுக்கொரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காசில் என்ன வாங்கினாலும் நான் வாய் திறப்பதில்லை. மிச்சம் கொண்டுவந்தால் அவரவர் உண்டியலுக்கு.

கொடுமுடிக்குப் போனபோது மகள் கோயில் கடையில் மரச் சொப்புச் சாமான் பார்த்தாள். நாற்பது ரூபாய். பையைத் திறந்து எண்ணினாள், மூன்று பத்து ரூபாய்தான். என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பிகிட்ட பத்து ரூபா வாங்கிக்கட்டுமாம்மா?" என்றாள். "அவனையே கேளு சாமி" என்றேன். அவனுக்குப் பலூன் வாங்கணும். இரண்டும் கடை ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டன. கடைசியில் அவன் பத்து ரூபாய்க்குப் பலூன் வாங்கிக்கொண்டு, மிச்சப் பத்தை அக்காவுக்குக் கொடுத்தான், சொப்பில் அவனுக்கும் பங்கு என்ற பேச்சோடு. அன்றைக்கு ராத்திரி அவள் கணக்கு நோட்டில் கடைசி வரி: "தம்பிக்கு 10 தரணும்." அடுத்த மாதம் சுருக்குப் பை கைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கொடுத்தாள்.

அந்தக் கொடுமுடிப் பயணத்தின் கணக்கும் அதே நோட்டில் இருக்கிறது. பஸ், ரயில் 130. பூ, தேங்காய், கற்பூரம் 60. பிள்ளைகள் கையில் 50. டீ, பால் 70. சாயங்காலம் சுண்டல் 40. மொத்தம் 350, பாட்டிலுக்குத் திரும்பியது 150. சென்னிமலையிலிருந்து ஈரோடு வரை டவுன் பஸ், அங்கிருந்து பாசஞ்சர். ஊஞ்சலூர் தாண்டினால் கொடுமுடி. மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் ஒரே கோயிலுக்குள், பிரம்மா வன்னி மரத்தடியில். பழனிக்குத் தீர்த்தம் எடுத்துப் போகிறவர்கள் அந்த வன்னி இலையைக் குடத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று அத்தை சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தோம். ஒன்று கண்டிப்பாகச் சொல்லணும்: காவிரியில் தண்ணீர் அதிகமாக வரும் நாளில் படித்துறையில் பிள்ளையை இறக்கவே கூடாது. தண்ணீர் குறைவாக இருந்தாலும் கையை விடக்கூடாது.

கொடிவேரி அணையும் அப்படித்தான். மழை நாளிலும், பவானிசாகரிலிருந்து நிறையத் தண்ணீர் விடும் நாளிலும் அணையில் குளிக்க விடமாட்டார்கள். தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டு, அல்லது காலைப் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே மீன் பொரிக்கிற வாசத்துக்கு யாராலும் நிற்க முடியாது. ஒரு தட்டு வாங்கி ஐந்து பேரும் பிய்த்துத் தின்பது என்று பஸ்ஸிலேயே பேசிவைத்துக்கொள்வோம். மாற்றுத் துணி, துண்டு மறக்காதீர்கள்.

காசே வேண்டாம் என்றால் எங்கள் ஊர் மலை இருக்கிறது. 1,320 படி. சின்னவன் நூறு வரைதான் எண்ணுவான், அதனால் நூறு படிக்கு ஒரு கடலை அவன் பாக்கெட்டில் போடுவோம். மேலே போய்ச் சேரும்போது பதிமூன்று கடலை, இருபது படி மிச்சம். பெருக்கல் கணக்கு தானாக வந்துவிடுகிறது.

பறவை பார்க்க வெள்ளோடு ஏரிக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், அதுவும் விடிகாலையில் அல்லது நாலு மணிக்குமேல். ஈரோடு போகும் ரோட்டிலேயே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். கூழைக்கடா மீனை அள்ளும்போது அலகுக்குக் கீழே பை தொங்குவதை மகள் மூன்று பக்கம் வரைந்து வைத்திருக்கிறாள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோனால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது.

பவானிக் கூடுதுறைக்குக் கதையோடு போங்கள். வில்லியம் கேரோ என்ற வெள்ளைக்காரக் கலெக்டரை, இடிந்து விழ இருந்த பங்களாவிலிருந்து அம்மன் ஒரு சின்னப் பெண்ணாக வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள் என்றும், அவர் கோயிலுக்குத் தந்தக் கட்டில் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். 1804-ல் நடந்ததாம். அவர் வெளியே நின்று அம்மனைப் பார்க்கச் சுவரில் போட்ட மூன்று துளைகளைக் காட்டினால், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகராது.

இந்த மாதம் சிவன்மலை முருகன் கோயில். அங்கே கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. யாராவது பக்தர் கனவில் முருகன் வந்து சொன்ன பொருளை வைத்துப் பூஜை செய்வார்கள், அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். இப்போது உள்ளே என்ன இருக்கும் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லியாகிவிட்டது. அத்தை நெல் என்கிறார், சின்னவன் லாரி என்கிறான். மகள் தன்னுடையதை நோட்டில் எழுதி மடித்து வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வரை யாருக்கும் காட்டமாட்டாளாம். பாட்டிலில் 375 சேர்ந்திருக்கிறது. போன தடவை மிச்சம் 150 தனி.